சுமை அட்டவணை

புரா வீசும் நாட்களில் ரியெக்கா துறைமுகத்தில்
கிரேன்கள் நிற்கும்.
காற்று எழுபதைத் தாண்டிவிட்டால்
கம்பியில் தொங்கும் கன்டெய்னர்
என் பேச்சைக் கேட்காது.
கேபினை விட்டு இறங்கி
வண்டி பார்க்கக் கிளம்பினேன்.

வயது நாற்பத்துமூன்று.
தடத்தில் ஓட்ட, முடிந்தால் பந்தயத்தில் கடைசியாக வர,
முதல் வண்டி.
கான்டீனில் சொன்னபோது
"ஆயிரம் சிசி எடு,
சின்னது ஆறே மாதத்தில் அலுத்துவிடும்" என்றான் சில்வானோ.
அவனுடையதும் ஆயிரம்தான்.
இரண்டு முறை ஓட்டினான்.
இப்போது அதன்மேல் சட்டை காய்கிறது.

காஸ்தாவில் ஒரு பல் மருத்துவரின் கொட்டகை.
சிவப்பு. இருநூறு குதிரைத்திறன்.
ஏறி உட்கார்ந்தேன்.
பொய் சொல்வானேன், அடிவயிற்றில் ஏதோ புரண்டது.
மருத்துவர் ஒன்றும் பேசவில்லை.
வண்டியே பேசிக்கொள்ளும் என்று தெரிந்தவர்.

ஆனால் கிரேன்காரிக்கு ஒரு பழக்கம்:
கொக்கியை இறக்கும் முன்
கண் தானாகச் சுமை அட்டவணைக்குப் போகும்.
கை நீள நீளத் தூக்கும் எடை குறையும்.
ஆசைக்காக ஒரு கிலோ கூட்டித் தராது இரும்பு.

அன்றிரவு மின்கட்டண உறையின் முதுகில் எழுதினேன்.
டயர் ஒரு ஜோடி:
பெரியது இரண்டு நாளில் தின்னும்,
சின்னது ஐந்து நாள் வைத்துக்கொள்ளும்.
பிரேக் பேட். பெட்ரோல். தடத்துக்கு நுழைவுக் கட்டணம்.
இரவல் வேனுக்காக மச்சானுக்கு ஒரு பாட்டில்.
தோல் உடுப்பு, ஹெல்மெட்.
இவற்றில் பேரம் கூடாது, அடிக்கோடு.
'விழுந்தால்' என்று எழுதினேன்.
அடித்துவிட்டு 'விழும்போது' என்று மாற்றி
எதிரே இடம் விட்டேன்.
எல்லாம் கழித்து உறையில் மிஞ்சியதுதான்
என் வண்டியின் விலை.

அந்த விலைக்கு டெல்னிட்ஸேயில் ஒன்று இருந்தது,
ஒரு ரொட்டிக் கடையின் பின்கட்டில், மாவு படிந்து.
அறுநூற்றைம்பது, பதினைந்து வயது,
இரண்டு பக்கமும் விழுந்து எழுந்தது.
விளக்கு இல்லை, நம்பர் பலகை இல்லை,
விளக்கு இருந்த இடத்தில் யாரோ ஒட்டிய மீன்கண்.
போல்ட்டுகளுக்குத் துளையிட்டுக் கம்பி முறுக்கியிருந்தது,
எதுவும் கழன்று தடத்தில் விழாதபடி.
"ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான்" என்றான் ஃபாபியான்.
"கூலன்ட் கொட்டினால் பின்னால் வருகிறவன் வழுக்குவான்.
இரண்டாம் கியர் காலையில் சிணுங்கும்.
இடது ஃபுட்பெக் வேறு வண்டியுடையது."
நான் கேட்கும் முன்பே குற்றங்களை எல்லாம்
அவனே வரிசையாக ஒப்புக்கொண்டான்.
பின் ஏன் விற்கிறாய்?
"இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறது."
வண்டியும் இரட்டை சிலிண்டர்.
இருவருக்கும் சிரிப்பு வரவில்லை, அவ்வளவு குளிர்.
பணத்தை எண்ணினேன்.
பிஸ்கட் டப்பா நிறைய உதிரிகளைச்
சும்மா தந்தான்.

ஏப்ரலில் க்ரோப்னிக்.
முதல் சுற்றுகளில் எல்லோரும் என்னைத் தாண்டினார்கள்,
ஒரு தபால்காரர் உட்பட.
மதியத்துக்குமேல் சில்வானோ வந்தான்,
சட்டைகளை எடுத்துவிட்டு.
நேர்ப்பாதையில் என்னைக் கிழித்துக்கொண்டு போனான்.
இறக்கத்து வளைவில் அவன் பின்சக்கரம்
என் கண்ணாடிக்கு அருகே நின்றது.
மறுபடி நேர்ப்பாதை, மறுபடி போனான்.
மறுபடி வளைவு. அங்கே
அவன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான்,
நான் இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் முறை
அவனைத் தாண்ட ஓர் இடம் தெரிந்தது.
எனக்குத் தெரிந்தது டயருக்குத் தெரியவில்லை.
ஜல்லியில் சறுக்கிப்போய் வானத்தைப் பார்த்தேன்,
நீலம், ஒரு மேகமில்லை.
முதல் நினைப்பு: வண்டி.
அடுத்துதான் கால்கள் இருக்கின்றனவா என்று பார்த்தேன்.

கிளட்ச் லீவர் ஒடிந்திருந்தது.
பிஸ்கட் டப்பாவில் மூன்று இருந்தன.
நாலு மணிச் சுற்றுக்கு மறுபடி வரிசையில் நின்றேன்.

உறை இப்போது ஃபிரிட்ஜ் கதவில்.
விழும்போது, அதன் எதிரே:
ஒரு லீவர்,
ஒரு கட்டைவிரல் நகம்.